வெறுமையும் அமைதியும்

பிரான்சு என்றதும் நம்மவர் உள்ளத்திலே முதலில் தோன்றுவது பாரிஸ் மாநகரமே. பெரும் புரட்சி நிகழ்ந்த வீதிகளும், ஓவியக் கூடங்களும், சேன் நதிக்கரையிலே பழைய நூல் விற்போரின் பெட்டிகளும் நாம் படித்தும் கேட்டும் பழகியவை. எனினும், மோபசானின் சிறுகதைகளில் ஈடுபட்டவர்கள் வேறொரு பிரான்சையும் அறிவார்கள். நோர்மண்டிப் பண்ணைகளும், சந்தைக்குப் போகும் குடியானவரும், இரு மருங்கும் வேலியடைத்த ஒற்றைத் தடங்களும் கொண்ட நாட்டுப்புறம் அது. அந்த நாட்டுப்புறத்தைக் காண விழைவோருட் பலர் இன்று அங்கே சைக்கிளிற் செல்கின்றனர். மோட்டார் வண்டியின் இரைச்சலும் புகையும் அணுகாத வழிகள் அவர்களுக்கென்றே ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன. போய் மீண்டவர்கள் அவ்வழிகளின் அமைதியைச் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அவர்களிலே மிகச் சிலர். இவ்வாரம் நாம் கேட்க விரும்புவது அதனையே.

ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். பேர்கண்டிப் பிரதேசத்தின் தென்பாகத்திலே, சோன்-எ-லுவார் என்னும் மாவட்டத்தில், ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து குளூனி வரை 44 கிலோமீற்றர் நீளமான ஒரு பாதை உண்டு. முன்னர் இது புகையிரதப் பாதையாக இருந்தது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, நிலம் சமன்செய்யப்பட்டு, நடப்போருக்கும் சைக்கிளிற் செல்வோருக்கும் 1997ஆம் ஆண்டு திறந்துவிடப்பட்டது. பிரான்சிலே 'பசும்பாதை' எனப் பெயர் பெற்ற வழிகளுள் முதலாவது இதுவே. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டங்கள். மறுபக்கம் மேய்ச்சல் நிலங்களில் ஷரொலே இனத்து வெண்ணிறப் பசுக்கள். இடையிடையே தேவாலயக் கோபுரமொன்றைச் சுற்றி ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர்கள். வழியின் முடிவிலுள்ள குளூனியோ 910ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட மடாலயத்தாற் பெயர்பெற்றது. உரோமாபுரியில் புதிய சென் பீற்றர் ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியதாயிருந்த அதன் கோயிலைப் புரட்சிக்குப் பின்னர் கல்லுக்காக உடைத்து விற்றார்கள். எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதியே.

இவ்வழியிலே மிதித்துச் செல்பவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. காரணம் எளிது. புகையிரதம் செங்குத்தாக ஏறமாட்டாது. ஆகவே, அதனை அமைத்த பொறியியலாளர் குன்றைக் கண்ட இடத்தில் வளைத்தும், வளைக்க இயலாத இடத்தில் குடைந்தும், பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பியும், ஏற்றமே தெரியாதபடி வழியை இழுத்துச் சென்றனர். நீராவி இயந்திரத்துக்காகச் செய்த அந்த உபகாரம் இன்று முதியவரின் முழங்கால்களுக்கும் சிறுவரின் கால்களுக்கும் கிடைத்திருக்கிறது. 2004ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வீதிச் சட்டம் பசும்பாதை இன்னதென வரையறை செய்தது. இயந்திர வாகனங்கள் புகுதலாகாது. சைக்கிளும், கால்நடையாய்ச் செல்வோரும், குதிரையேறி வருவோரும் மாத்திரமே செல்லலாம். அமைதிக்கு அங்கே சட்டத்தின் காவலும் உண்டு என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இந்தப் பிரயாண முறை நேற்றுத் தோன்றியதன்று. இதற்குத் தந்தையெனப் பிரெஞ்சுக்காரர் போற்றுபவர் போல் த விவீ. 'வெலோசியோ' என்ற புனைபெயரால் அறியப்பட்ட இவர் 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர். சென்ற்-எத்தியென் என்னும் கைத்தொழில் நகரிலே சைக்கிள் வியாபாரஞ் செய்து, 1887 முதல் சைக்கிளுக்கென்றே ஒரு சஞ்சிகையும் நடத்தியவர். விரைந்து ஓடிப் பரிசு பெறுவதற்கன்று, ஊரையும் உலகையும் பார்ப்பதற்கே சைக்கிள் என்பது அவர் கொள்கை. பசிக்கு முன் உண். தாகத்துக்கு முன் பருகு. தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்ற கருத்துப்பட அவர் விட்டுச்சென்ற விதிகளைச் சைக்கிற் பிரயாணிகள் இன்றும் எடுத்துச் சொல்வர். மலையேறுவோருக்கு உதவும் பொருட்டுச் சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பொறியை அவர் ஆதரித்தார். 1903இல் 'தூர் த பிரான்ஸ்' ஓட்டப் பந்தயத்தைத் தொடக்கிய ஹென்றி தெகிராஞ்சுக்கோ அது கட்டோடு பிடிக்கவில்லை. வீரனுக்குப் பொறியின் துணை எதற்கு என்பது அவர் வாதம். 1937 வரை அப்பந்தயத்திலே அப்பொறிக்கு அனுமதி கிட்டவில்லை. இன்று கடைத்தெருவிற் கிடைக்கும் சாதாரண சைக்கிளிலும் அது பூட்டப்பட்டிருக்கிறது. அவ்வழக்கிலே வென்றவர் யாரென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. வெலோசியோவின் முடிவு துயரமானது. மலைகளையெல்லாம் பழுதின்றி ஏறியிறங்கிய அவர், தம் சொந்த நகரின் வீதியிலே ஒரு ட்ராம் வண்டி மோதி மாண்டார்.

சைக்கிளுக்கு நம்மொழியிலே துவிச்சக்கரவண்டி, ஈருருளி, மிதிவண்டி எனப் பல பெயர்களை ஆக்கி, எது சிறந்ததென்று பண்டிதர்கள் வாதிடுவதுண்டு. பிரெஞ்சுக்காரர் அதற்கு இட்ட செல்லப் பெயர் 'சின்ன ராணி'. பியேர் ஜிபார் என்ற பத்திரிகையாளர் 1891இலேயே 'சைக்கிள் ராணி' எனப் பொருள்படும் தலைப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். இலக்கிய கர்த்தாக்களும் அந்த ராணிக்கு வசப்பட்டனர். எமில் ஸோலா சைக்கிளோட்டுவதிலே பெருவிருப்புடையவர். துப்பறியும் கதைகளால் உலகப் புகழ் பெற்ற மோறிஸ் லெப்லான், 1898இல் எழுதிய ஒரு நாவலிலே இரு தம்பதியரை நோர்மண்டி, பிரிட்டனி நாட்டுப்புறங்களிற் சைக்கிளில் உலாவவிட்டார். ஆனால், அக்காலத்துச் சைக்கிள் வசதியுள்ளோரின் விளையாட்டுப் பொருள். அது உழைப்பவன் கைக்கு வந்தபின்னரே நாட்டுப்புற வழிகள் பொதுமக்களின் வழிகளாயின. 1936ஆம் ஆண்டிலே மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்துடன் இரு வார விடுமுறை அளித்தது; புகையிரதக் கட்டணத்திலும் நூற்றுக்கு 40 வீதம் குறைத்தது. ஆலைச் சங்கின் ஓசையன்றி வேறறியாத பலர் அவ்வாண்டுக் கோடையிலேதான் முதன்முதலாகக் கடலைக் கண்டனர். இருவர் ஒருங்கே மிதிக்கும் நெடிய சைக்கிளிலே, கூடாரத் துணியைப் பின்னே கட்டிக்கொண்டு செல்லும் இளந்தம்பதியரின் படங்கள் அந்த ஆண்டின் சின்னமாகவே நிலைத்துவிட்டன.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1941ஆம் ஆண்டுக் கோடையிலே சார்த்தரும் சிமோன் த போவுவாரும் ஜெர்மானியர் வசப்பட்ட பகுதியிலிருந்து களவாக எல்லை கடந்து, தென்பகுதியிற் சைக்கிளிலேயே நெடுந்தூரம் சுற்றினர். எதிர்ப்பியக்கமொன்றுக்கு ஆள் சேர்ப்பது அவர்கள் நோக்கம். ஜீதையும் மல்ரோவையும் கண்டு பேசினர். கருதிய காரியம் கைகூடவில்லை. நாம் இங்கே நினைக்க வேண்டியது வேறு. அக்காலத்துப் பிரெஞ்சு வீதிகளும் மோட்டார் வண்டிகளின்றி அமைதியாகவே கிடந்தன. பெற்றோல் இல்லை, இருந்ததும் படையெடுத்தவன் கைக்குப் போயிற்று. வீதியின் அமைதி எல்லாம் ஒரே அமைதியன்று.

பிரிட்டனியிலே நாந்த் நகரிலிருந்து பிரெஸ்ற் துறைமுகம் நோக்கிச் செல்லும் கால்வாயின் கரையும் இன்று சைக்கிளோட்டிகளின் விருப்பத்துக்குரிய வழியாகும். 364 கிலோமீற்றர் நீளமான இக்கால்வாயை வெட்டுவிக்க முனைந்தவன் நெப்போலியன். ஆங்கிலக் கடற்படை கடல்வழியை மறித்தபோது உள்நாட்டு வழியே துறைமுகங்களை இணைப்பது அவன் எண்ணம். குதிரையும் மனிதனும் கயிறு கட்டிப் படகிழுத்த கரைத்தடமே இப்போது பிரயாணியின் பாதை. நீர் சலனமின்றிக் கிடக்கிறது. மதகுகளின் அருகே மதகு காப்போரின் சிறு வீடுகள் பூச்செடிகளுடன் நிற்கின்றன. மரநிழல் நீரிலே விழுகிறது. காண்பதற்கு இனிய காட்சிதான். ஆனால், குளொமெல் என்ற இடத்திலே அக்கால்வாய் ஓர் ஆழ்ந்த வெட்டினூடே செல்கிறது. அதனை 1823 முதல் 1832 வரை மண்வெட்டியும் கூடையும் கொண்டு தோண்டியவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். மரங்கள் வளர்ந்து மூடிய அவ்வெட்டின் கரையிலே நின்று பறவையொலி கேட்பவன், தன் காலடியிலே கிடப்பது விலங்கிட்டோர் உழைப்பு என அறிந்து கேட்பது நல்லது.

அதே கால்வாயிலே இன்னுமொரு செய்தி உண்டு. மின்சாரத்துக்காகக் கெர்லெதான் என்னுமிடத்திலே 1930இல் அணை கட்டி முடிந்தபோது, பள்ளத்தாக்கின் மதகுகளும் வீடுகளும் நீருள் மூழ்கின. கால்வாய் இரண்டாகத் துண்டிக்கப்பட்டது. அணையைப் பரிசோதிப்பதற்காக 2015இலே நீரை வடியவிட்டபோது, சேற்றினிடையே அப்பழைய மதகுகள் வெளிப்பட்டன. அவற்றைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. பின்னர் நீர் மீண்டும் ஏறி மூடிவிட்டது.

பசும்பாதைகளையும் கால்வாய்க் கரைகளையும் விட்டால், பிரயாணிக்கு எஞ்சுவன கிராமங்களுக்கிடையே ஓடும் சிறு வீதிகள். பிரான்சிலே ஏறத்தாழ 35,000 உள்ளூர் ஆட்சிப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகரபிதா. ஒவ்வொன்றுக்கும் தன் எல்லைக்குள்ளான வீதிகளின் பொறுப்பு. 1836ஆம் ஆண்டுச் சட்டமொன்று கிராம வீதிகளைப் பேணுவதை அவ்வவ்வூரின் கட்டாயக் கடமையாக்கிற்று. வயலுக்கும் மில்லுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் வழி வேண்டியிருந்த காலம் அது. அதனால், மனிதர் செறிந்து வாழ்ந்த ஒரு நாட்டுப்புறத்துக்கு ஏற்ற வண்ணம் நரம்புபோல வீதிகள் பின்னப்பட்டன. இன்று அந்த நரம்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றினூடே ஓடிய குருதிதான் வற்றிவிட்டது. ஒரு மணி நேரம் மிதித்தும் எதிரே ஒரு வண்டி வராத வீதிகள் அங்கே இருப்பதன் இரகசியம் இதுவே.

எந்தச் சிற்றூரிலும் சைக்கிளை நிறுத்திப் பாருங்கள். கோயிலருகே அல்லது நகரபிதாவின் காரியாலயத்தின் முன்னே ஒரு கற்றூண் நிற்கும். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்திலே மாண்ட அவ்வூர் இளைஞரின் பெயர்கள் அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். சில நூறு பேர் வாழ்ந்த ஊரிலே இருபது, முப்பது பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை, மூன்று முறை. பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் போர்வீரர் அந்த யுத்தத்தில் மடிந்தனர். அவர்களிலே உழவர் மக்கள் மிகப் பலர். எஞ்சியோரை நகரம் இழுத்தது. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேதான் முதன்முறையாக நாட்டுப்புறத்தாரிலும் நகரத்தாரின் தொகை மிகுந்தது. 1947இலே பூகோள அறிஞர் ஜான் பிரான்சுவா கிராவியே 'பாரிசும் பிரெஞ்சுப் பாலைவனமும்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டபோது, தலைநகர் ஒன்றே கொழுக்க நாடு வறள்கிறது என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் வாதத்துக்குரிய பொருளாயிற்று. வடகிழக்கிலிருந்து தென்மேற்குவரை குறுக்கே கிடக்கும் சனநெருக்கங் குறைந்த நிலப்பரப்பை 'வெறுமையின் குறுக்குக்கோடு' என அழைக்கும் வழக்கமும் உண்டு. அங்கே வாழ்பவர்கள் அப்பெயரை விரும்புவதில்லை. தாம் குடியிருக்கும் வீட்டை வெற்றுவீடென்று பிறர் சொல்வதை யார்தான் பொறுப்பார்?

இங்கேதான் நம் உள்ளம் இருபாற்படுகிறது. பிரயாணி புகழும் அமைதியும், ஊரவன் அஞ்சும் அமைதியும் ஒன்றேதானா? புகையிரதம் நின்றதனாற் பிரயாணிக்குப் பாதை கிடைத்தது. ஊரவனுக்கோ நகரத்து ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் போக மோட்டார் வண்டியே கதியாயிற்று. 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே அவன் செல்லும் இருவழி வீதிகளில் வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது. எரிபொருள் வரியும் ஏறப்போகிறது என்ற நிலையில், அவ்வாண்டு கார்த்திகையிலே மஞ்சள் அங்கி தரித்தோர் வீதிச் சந்திகளிலே கூடி நின்று கிளர்ச்சி செய்தனர். அவர்களுட் பலர் இத்தகைய ஊர்களிலிருந்தும் சிறு பட்டினங்களின் புறத்திலிருந்தும் வந்தவர்கள். மோட்டார் வண்டியே நாட்டின் சாபமென்று பேசுவது எளிது. பாண் வாங்குவதற்கும் அதிலேறி ஓட வேண்டியவன் முன்னிலையிலே அப்படிப் பேசுவது அத்துணை எளிதன்று.

இதனாற் பசும்பாதை வேண்டாமென்பார் கட்சியில் நாம் சேரவில்லை. கைவிடப்பட்ட நிலத்தை முட்புதர் விழுங்கவிடாமல், பொதுப் பணத்தைச் செலவிட்டு, சட்டத்தால் வேலியிட்டு, ஏழையும் செல்வனும் கட்டணமின்றி உலாவத் தந்தமை ஒரு நாடு விரும்பித் தேர்ந்தெடுத்த அமைதி. அது விட்டுப்போனவர்களால் விளைந்த வெறுமையிலிருந்து வேறானது. இரண்டும் ஒரே நிலத்தில், ஒன்றன்மேலொன்றாக இருப்பதனாலேதான் கண் மயங்குகிறது. அன்றியும், சைக்கிளிற் செல்பவன் ஊருக்கு ஒருவாறு பயன்படுபவனே. மோட்டாரில் வருபவன் நகரத்துப் பேரங்காடியிலே ஒரு வாரத்துக்கான பண்டங்களை ஏற்றிக்கொண்டு ஊரைக் கடந்துவிடுகிறான். சைக்கிள் பையிலே ஒரு பாணும் சிறிது பாற்கட்டியுமே அடங்கும். ஆதலால் அவன் ஊருக்கு ஊர் நின்று வாங்குகிறான். ஊரிலேயே இராத் தங்குகிறான். கடையொன்று இருந்தால், அது மூடாமலிருக்க அவனும் ஒரு காரணமாகலாம். எனினும், இதனைப் பெரிதாக்கிப் பேசுதல் தகாது. கோடைகாலத்துப் பிரயாணிக்காக ஒரு தேநீர்க்கடை திறக்கும். பிள்ளைகளின்றி மூடிய பள்ளிக்கூடம் அவனுக்காகத் திறப்பதில்லை. வாயிற் கல்லிலே 'ஆண்கள்', 'பெண்கள்' எனப் பொறித்த எழுத்து மாத்திரம் எஞ்ச, வீடாகவோ மண்டபமாகவோ மாறிவிட்ட பாடசாலைகள் அந்நாட்டுப்புறத்திலே உண்டு. நம் வாசகரிலே ஆசிரியர் பலர். அந்த எழுத்தின் முன்னே எத்தனை நேரம் நிற்கலாம் என்பதை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டாரிற் பறப்பவன் அந்த எழுத்தைக் காணவே மாட்டான். கால்நடையாய்ப் போகிறவன் காண்பான். ஆனால் ஒரு நாளிலே ஓரூரை, ஈரூரைத்தான் காண்பான். சைக்கிள் ஓட்டுபவனோ ஒரே பகலில் பத்து ஊர்களினூடே செல்கிறான். ஒன்றில் மூடிய கடை, அடுத்ததில் சந்தை, அதற்கடுத்ததில் கற்றூண், பின்னர் ஆட்கள் நிறைந்து கலகலக்கும் ஒரு சதுக்கம் என அடுத்தடுத்துக் காண்கையிலே, ஓரூரை மற்றோரூரோடு ஒப்பிட்டு ஒரு நிலத்தின் சரித்திரத்தைப் படிக்க அவனால் முடிகிறது. வெலோசியோ கண்ட பயனும் இதுவாகவே இருத்தல் வேண்டும். பார்க்கப் போனவன் பாதையின் வழவழப்பையும் தான் மிதித்த தூரத்தின் கணக்கையும் மாத்திரம் கொண்டு திரும்புவானாயின், அவன் பந்தயக்காரன் கட்சியைச் சேர்ந்தவனே; மெதுவாய் ஓடிய பந்தயக்காரன், அவ்வளவுதான்.

குளூனியிலிருந்து மேலும் தெற்கே மக்கோன் நகரை நோக்கிச் செல்லும் பாதையிலே, புவா கிளேர் என்னும் குன்றை ஊடறுத்து 1,600 மீற்றர் நீளமான ஒரு சுரங்கம் இருக்கிறது. முன்னர் புகையிரதம் புகுந்து சென்ற சுரங்கம். இப்போது விளக்கேற்றிச் சைக்கிள்களை விடுகிறார்கள். வெயில் காயும் நாளிலும் உள்ளே குளிர் நடுக்கும். மாரிக்காலத்திலே அதன் கதவை அடைத்துவிடுவார்கள். உள்ளே வௌவால்கள் துயிலும் காலம் அது. அம்மாதங்களிற் செல்பவன் குன்றின் மேலாகப் பழைய கணவாய் வழியே மிதித்தேற வேண்டும். ஏறி அப்பால் இறங்கினால் திராட்சைத் தோட்டங்களிடையே மில்லி என்ற சிற்றூர் தோன்றும். கவிஞர் லமார்த்தீன் சிறுபருவத்தைக் கழித்த வீடு அங்கே உண்டு. அவ்வீட்டையும் ஊரையும் தம் பாட்டிலே நிலைநிறுத்திய அவர், கடன் தீர்க்க வேறு வழியின்றி 1860இல் அதனை விற்றுவிட்டார். வீடு இன்னும் நிற்கிறது.